இடது பக்கத்து பிரேக்

நவம்பர் 3, ஞாயிறு

இன்று டேனியல் சாரின் புது காரில் கால்மிதியைக் கிழித்துவிட்டேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் மழை. "தனசிங், ஏறுங்க, ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல்ல விட்டுடறேன்" என்றார். ஏறியிருக்கக் கூடாது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் அடுத்தவர் காரில் இடது பக்கம் உட்காரவே கூடாது. என் ஸ்கூல் காரில் இடது பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் சுவரை நோக்கிப் போனால் நான் இங்கிருந்து மிதிப்பேன். மற்றவர் கார்களில் அது கிடையாது என்று என் மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது. கேம்ப் ரோடு தாண்டியதும் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே வந்தது. நான் மிதித்த மிதியில் கால்மிதி ஓரம் பிய்ந்து ஷூவோடு வந்துவிட்டது.

"கால்ல ஏதாவது நரம்புப் பிரச்சினையா?" என்று கேட்டார். சர்ச்சின் பொருளாளர். எதையும் மரியாதையாகத்தான் கேட்பார்.

வெட்கம் வந்தால் நான் எப்போதும் செய்கிறதைச் செய்தேன். "நம்ம ஜெரூஷா பைலட் ஆயிட்டா சார்" என்றேன்.

அவருக்கு அது முன்பே தெரியும். போன ஞாயிறும் சொன்னேன். அதற்கு முந்தின ஞாயிறும் சொன்ன ஞாபகம்.

"முதல் சம்பளம் எப்போ?"

"இந்த மாசம் முடிஞ்சதும். அப்படியே முழுசா ஆண்டவருக்குத்தான் சார்."

பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம் அது. பிள்ளையின் முதல் சம்பளத்தைக் கவரில் போட்டுப் பீடத்தில் வைத்துவிடுவோம். நானும் என் முதல் சம்பளத்தை வைத்தேன். லாரி ஆபீஸ் கிளீனர் சம்பளம், கவரே தேவைப்படவில்லை. சரி, கொஞ்சம் பெருமையும்தான்.

இறக்கிவிடும்போது டேனியல் சார், "நம்ம சர்ச் மைக் செட் ரொம்ப இரையுது, கவனிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 9

நாகலக்ஷ்மி மேடம் கண் சிவக்க வந்தார். தபால் ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆகி, மகள் வீட்டுக்குத் தானே ஓட்டிப் போக வேண்டும் என்று கார் கற்றுக்கொள்கிறார். பேரன் ராத்திரி முழுக்க அழுதானாம். டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் காட்டினேன்: 'தூங்காமல் வந்தவருக்கு இன்று வண்டி இல்லை.' நைட் ஷிப்ட் முடிந்து நேராக வகுப்புக்கு வந்த ஒரு ஐ.டி. பையன், சேலையூர் ஏரிக் கரையில் ஆக்சிலேட்டரில் கால் வைத்தபடியே குறட்டை விட்டதிலிருந்து அந்தச் சட்டம். வண்டி தண்ணீரைத் தொடாமல் நின்றது என் இடது பிரேக்கால்தான்.

"என்ன சார் நீங்க. முப்பது வருஷம் தூங்கிண்டே முத்திரை குத்தியிருக்கேன். ஒரு லெட்டர் தப்பாப் போனதில்ல" என்றார்.

"லெட்டர் எதிர்ல லாரி வராது மேடம்" என்று திருப்பி அனுப்பினேன்.

நவம்பர் 14

கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடமும் சொல்லிவிட்டேன் போல. "ஏங்க, சிலிண்டர் லீக் ஆகுதான்னு கேட்டா, பொண்ணு பைலட்னு சொல்றீங்க" என்றாள் என் மனைவி தபீதாள். என் வாய்க்கு டேப் வாங்கப் போகிறாளாம்.

நவம்பர் 30

புயல். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். ஜெரூஷா வீட்டில்.

சின்ன கம்பெனி அவளுடையது. இறக்கைக்கு ஒரு விசிறி வைத்த சின்ன விமானங்கள், சின்ன சின்ன ஊர்களுக்கு. அவள் வலது பக்கத்து சீட், கோ-பைலட். இடது பக்கத்தில் கேப்டன். நம்ம ஸ்கூல் கார் மாதிரியேதான், வாத்தியார் இடது பக்கம் என்று நான் எல்லோருக்கும் விளக்குவேன்.

"ஜாலிதான். சம்பளத்தோட லீவு" என்றேன்.

"பறந்த மணிக்குத்தான்ப்பா காசு. பறக்கலேன்னா ஒண்ணும் பெரிசா இல்ல."

"அப்போ ஷேர் ஆட்டோ மாதிரியா?"

"ஷேர் ஆட்டோக்காரங்ககிட்ட யூனிஃபார்முக்குக் காசு பிடிக்க மாட்டாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். பஜ்ஜி சாப்பிட்டோம். முடிச்சூர்ப் பக்கம் வழக்கம்போல் தண்ணீராம்.

டிசம்பர் 2

ஜெரூஷா போனை நீட்டினாள். திரையில் ஒரு எண். ஓ.டி.பி. என்று நினைத்து, "யார் கேட்டாலும் சொல்லிடாதே" என்றேன்.

அது சம்பளம்.

பயிற்சிச் செலவுக்கென்று ஒரு பிடித்தம், சட்டைக்கு, தொப்பிக்கு, கழுத்தில் தொங்குகிற அட்டைக்கு. அவள் படிப்புக்காகப் படப்பையில் இருந்த மனையை விற்றோம். பற்றாததற்கு பேங்க் கடன். அந்தக் கடனின் மாதத் தவணைக்கே இந்தச் சம்பளம் காணாது. என்னிடம் வேலை பார்த்துவிட்டுப் போன ஆரோன் என்கிற மாஸ்டருக்கு நானே இதைவிட அதிகம் கொடுத்தேன். அவன் ரிவர்ஸ் மட்டும்தான் உருப்படியாகச் சொல்லித் தருவான்.

"பரவால்லப்பா. மணி ஏற ஏற சரியாயிடும்" என்றாள். நான் அல்லவா அவளுக்குச் சொல்ல வேண்டியது அது?

யோசித்துப் பார்த்தால் நான் சொன்னது சரிதான். யாருக்கும் சொல்லக் கூடாத எண்தான்.

டிசம்பர் 8, ஞாயிறு

கவரில் நானும் கொஞ்சம் வைத்தேன். கொஞ்சம் என்றால், அவள் வைத்ததைவிட மூன்று மடங்கு. வகுப்புக் கட்டணமாக வந்து மேஜை இழுப்பறையில் கிடந்த பணம். ஜெரூஷாவுக்கும் தெரியாது, தபீதாளுக்கும் தெரியாது. பிறகென்ன செய்வது? புது மைக் செட்டுக்கு டேனியல் சார் முன்பணமே கொடுத்துவிட்டாராம். என் வாயை நம்பி.

போதகர் ஐயர் கவரைக் கையில் உயர்த்தி ஜெபித்தார். கவர் தலையணை மாதிரி உப்பியிருந்தது. ஜெரூஷா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். பக்திதான் என்று நினைத்திருப்பார்கள்.

டிசம்பர் 15, ஞாயிறு

மைக் செட் வந்துவிட்டது. ஸ்பீக்கர் பெட்டியில் வெள்ளை பெயின்டில் எழுத்து: 'செல்வி த. ஜெரூஷா, விமானி. முதல் சம்பளக் காணிக்கை.' பாடல் குழுவில் முன்பு வாயை மட்டும் அசைத்தவர்களின் குரலெல்லாம் கணீரென்று கேட்கிறது. அது நல்லதா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ஜெரூஷா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, அந்தப் பெட்டி என் சம்பளத்துல வராது."

சொன்னேன். சொல்லித்தானே ஆக வேண்டும்?

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. "இனிமே எனக்கு இந்த வேலை முடியலேன்னா நான் யார்கிட்டப்பா போய்ச் சொல்றது? சர்ச்ல பாட்டே என் பேர்லதான் கேக்குது" என்றாள்.

"முடியலையா? பிடிக்கலையா?"

"பறக்கிறது பிடிச்சிருக்கு. தூக்கம்தான் இல்ல. ஒரு நாள் விடியறதுக்கு முன்னாடி வரச் சொல்றாங்க, மறு நாள் ராத்திரி. படுத்தா போன் வரும், டைம் மாத்தியாச்சுன்னு."

"புதுசுல எல்லா வேலையும் அப்படித்தான்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

எழுதும்போதுதான் பார்க்கிறேன். நாகலக்ஷ்மி மேடத்தைத் திருப்பி அனுப்பினேனே, அன்றைக்கு இந்த அட்ஜஸ்ட் எங்கே போயிருந்தது?

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். பிள்ளை ஏதோ ஒரு ஊர் லாட்ஜில். வீடியோவில் வந்தாள். ஹோட்டலில் சமையல்காரருக்கு லீவாம், வெந்நீர் ஊற்றிய கப் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தபீதாள் மட்டன் குழம்பைப் போன் முன்னால் காட்டினாள். காட்டியிருக்க வேண்டாம். பிறகு அந்தக் குழம்பை நாங்களும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ஜனவரி 4

டிபன் சாப்பிட உட்கார்ந்த ஜெரூஷா சாம்பாரில் விரலை வைத்தபடியே தூங்கிவிட்டாள். தபீதாள் விரலைத் துடைத்துவிட்டாள். அதற்கும் எழவில்லை.

"இதான் நீங்க ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச பைலட்" என்றாள் என்னிடம்.

நான் ஒன்றும் பேசவில்லை. டேப் செலவு மிச்சம்.

ஜனவரி 19, ஞாயிறு

 இன்றைக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பெருங்களத்தூரில் டேனியல் சாரின் புது அபார்ட்மென்ட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம். ஜெரூஷா காலையில்தான் வேலை முடிந்து வந்தாள். நீ வர வேண்டாம், படு என்று தபீதாள் சொன்னாள். "நான் போகலேன்னா பைலட்டுக்குத் திமிருன்னு சொல்வாங்கம்மா" என்று கிளம்பிவிட்டாள். ஆப்பம் மாவு கரைத்துக் கொடுக்கத் தபீதாள் முன்பே போய்விட்டாள். நான் ஓட்டினேன், ஸ்கூல் வண்டி. ஜெரூஷா இடது பக்கம், நான் வழக்கமாக உட்காரும் இடத்தில்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் இன்றைக்கென்று திரும்பி வருகிறார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் எதிர்ப்பக்கம் பஸ்ஸும் காரும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எங்கள் பக்கம் மெல்ல நகர்ந்தது. இரும்புலியூர் தாண்டியதும் கொஞ்சம் இடம் கிடைத்தது, மூன்றாவது கியர் போட்டேன்.

வண்டி படாரென்று நின்றது. நடு ரோட்டில். நெஞ்சு ஸ்டியரிங்கில் முட்டியது. பின்னால் ஒரு ஆம்னி பஸ், கை அகல இடைவெளியில் நின்று ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இருந்த எல்லாமும் அடித்தன.

நான் மிதிக்கவில்லை. இடது பக்கம் பார்த்தேன். ஜெரூஷாவின் கழுத்து சாய்ந்திருந்தது. இரண்டு காலும் என் பிரேக்கிலும் கிளட்சிலும் விறைப்பாக ஊன்றியிருந்தன. தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் எங்கேயோ தரையிறங்கிக்கொண்டிருந்தாள்.

தோளைத் தொட்டேன். திடுக்கிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சாரி கேப்டன்" என்றாள்.

அப்புறம்தான் நான் யாரென்று தெரிந்தது. முகத்தை மூடிக்கொண்டாள்.

வண்டியை ஓரம் கட்டினேன். பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, எல் போர்டு மாட்டிகினு ஜி.எஸ்.டி.ல வந்து வெள்ளாடினுகீற?" என்றார். அவர் சொன்ன மற்றதை எழுத வேண்டாம்.

"மேலயும் இப்படி ஆயிருக்காம்மா?" என்று கேட்டேன்.

 "ஒரு தடவை. ஒரு செகண்டு கண்ணு மூடிடுச்சு. கேப்டன் என்னைப் பார்க்கல. ஏன்னா அவரும் கண்ணைத் தேய்ச்சுட்டிருந்தாரு."

 ஒரு கார் நிறைய ஆட்களை நினைத்தே நான் ஸ்டிக்கர் ஒட்டியவன்.

அப்போது பார்த்து போன். ரோஸ்டர் போடுகிற ஆபீஸ். யாருக்கோ உடம்பு சரியில்லையாம், சாயந்திரம் இவள் வர வேண்டுமாம். ஓய்வு நேரம் கணக்குப்படி சரியாக இருக்கிறதாம். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நானும் கேட்டேன். ரொம்பத் தன்மையாகப் பேசுகிற பையன்.

ஜெரூஷா என்னைப் பார்த்தாள். அவள் எதற்காகப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த ஸ்பீக்கர் பெட்டி, படப்பை மனை, கேஸ் சிலிண்டர்காரர், எல்லாம் சேர்த்துத்தான் பார்க்கிறாள். நான் என் அட்ஜஸ்ட்டைச் சொல்வேன் என்று காத்திருந்தாள்.

நான் டேஷ்போர்டு ஸ்டிக்கரின் மேல் இருந்த தூசியைக் கையால் துடைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஜெரூஷா அதைப் படித்தாள். பிறகு போனில் இங்கிலீஷில் சொன்னாள். எனக்குப் புரிகிற இங்கிலீஷ்தான். களைப்பாக இருக்கிறேன், பறக்கிற நிலையில் இல்லை, எழுத்தில் அனுப்புகிறேன். அந்தப் பையன் குரலில் இருந்த தன்மை போய்விட்டது. "மேடம், இது உங்க ஃபைல்ல ஏறும், தெரியும்ல?" என்று தமிழில் கேட்டான்.

"தெரியும். ஏத்திக்கோங்க" என்றாள்.

ஜெபத்துக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பினேன். வீடு வரும்வரை தூங்கினாள். நான் அவள் கால்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

ஜனவரி 20

மத்தியானம்வரை தூங்கினாள். குக்கர் விசில் அடிக்கக் கூடாது என்று தபீதாள் சோற்றை வடித்தாள். பால்காரர் மணி அடிக்கும் முன்பே நான் தெருமுனையில் போய் நின்றேன்.

ஜனவரி 24

மெயில் வந்திருக்கிறது. விசாரித்து முடிக்கும்வரை ரோஸ்டரில் பெயர் இல்லை. பறக்காவிட்டால் காசும் இல்லை. வேலையே போனாலும் போகலாம் என்கிறாள்.

"உங்க ஸ்கூல்ல மாஸ்டர் வேலை காலியா இருக்காப்பா?"

"சம்பளம் கம்மி" என்றேன்.

"எனக்குப் பழக்கம்தான்" என்றாள்.

ஜனவரி 30

முதல் முறையாக என் வண்டியிலேயே பின் சீட்டில் உட்கார்ந்தேன். ஜெரூஷா இடது பக்கம், நாகலக்ஷ்மி மேடம் ஸ்டியரிங்கில். பின் சீட்டில் பிரேக்கும் இல்லை, கிளட்சும் இல்லை. முன் சீட்டின் முதுகை எத்தனை தடவை உதைத்தேனோ. மேடம் திரும்பி, "சார், நீங்க ஏரியைப் பாருங்கோ, ரோட்டை நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

ஒரு மாடு குறுக்கே வந்தது. ஜெரூஷாவின் கால் பிரேக்கின் மேல் போய் நின்றது, மிதிக்கவில்லை. மேடமே நிறுத்திவிட்டார். நானாக இருந்தால் மாட்டை ராஜகீழ்ப்பாக்கத்தில் பார்க்கும்போதே மிதித்திருப்பேன்.

"உங்க பொண்ணு கத்தறதே இல்ல சார். இத்தனை நாள் நான் கத்துண்டது உங்க வாயைத்தான்" என்றார் இறங்கும்போது.

பிப்ரவரி 2, ஞாயிறு

டேனியல் சாரிடம் போய் நின்றேன். ஜெபத்துக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, "அந்தக் கவர்ல பாதிக்கு மேல என் பணம் சார்" என்றேன்.

"தெரியும்யா. எந்த ஊர்ல பைலட்டுக்கு ஐம்பது ரூபா நோட்டாச் சம்பளம் குடுக்கறாங்க? அதுல ரெண்டு நோட்டுல கிரீஸ் வேற."

"அப்புறம் ஏன் சார் பெட்டியில பேர் எழுதினீங்க?"

"நீங்க அத்தனை சந்தோஷமா இருந்தீங்க. நான் ஏன் கெடுக்கணும்?" என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்கு இப்போ எப்படி?" என்றார்.

எழுத்தை அழிக்கட்டுமா என்று கேட்டேன். 'விமானி'யை விட்டுவிட்டு மற்றதை அழிக்கலாம் என்றார். மற்றது என்ன, 'முதல் சம்பளம்'தானே. பெயின்ட் கரைக்கிற தின்னரும் துணியும் கொண்டுபோய் நானே தேய்த்தேன்.

பிப்ரவரி 12

ஜெரூஷாவை ஆபீஸில் கூப்பிட்டு உட்கார வைத்தார்களாம். இந்தத் தொழிலில் உண்மையாகவே ஆர்வம் இருக்கிறதா என்று கேட்டார்களாம். இருக்கிறது, அதனால்தான் வரவில்லை என்றாளாம். அந்த ஒரு செகண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வந்திருப்பேன்.

இவள் எழுதிய பிறகு இன்னும் இரண்டு மூன்று புதுப் பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கேப்டனும். அவர் எழுதியதும்தான் ஆபீஸில் கொஞ்சம் இறங்கி வந்தார்களாம். அடுத்த வாரத்திலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். சம்பளம் அதேதான். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, அது இலவசம். விடியற்காலையும் ராத்திரியும் மாற்றி மாற்றிப் போடுவதைக் குறைப்பதாகச் சொன்னார்கள்.

"குறைப்பாங்களா?"

"குறைக்கலேன்னா மறுபடி சொல்வேன்."

பிப்ரவரி 17

"நல்லாத் தூங்கினியா?" என்று கேட்டேன். "ஸ்டிக்கர் பாஸ்" என்றாள். ஒன்பது மணிவரை தூங்கியவள்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்க வேண்டுமே.

அவளே ஓட்டினாள். யூனிஃபார்ம் கசங்கக் கூடாது என்று என் பழைய ஜெர்கினைக் கழுத்துவரை இழுத்து மாட்டிக்கொண்டாள். நான் இடது பக்கம். குரோம்பேட்டையில் ஒரு ஆட்டோ திடீரென்று திரும்பியது, பல்லாவரத்தில் ஒரு மாநகரப் பேருந்து. நான் இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். முட்டி இன்னும் வலிக்கிறது.

விமான நிலைய வாசலில் நிறுத்தியதும் டிராஃபிக் போலீஸ்காரர் லத்தியால் எல் போர்டைத் தட்டினார். "இன்னா சார், ஓட்டக் கத்துக் குடுக்க வேற எடமே கெடைக்கலையா? ஏர்போர்ட்டுதான் கெடச்சுதா?"

"தப்புத்தான் சார்."

"பாப்பா இப்பத்தான் கத்துக்குதா?"

ஜெரூஷா பெட்டியை எடுத்துக்கொண்டு நின்றாள். என் முகத்தையே பார்த்தாள். இருபத்து நான்கு வருஷமாக என்னைத் தெரிந்தவள், அடுத்து என் வாயில் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். சிரிப்பை அடக்குவதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார்" என்றேன்.

"மொதல்ல பிரேக்கு புடிக்கக் கத்துக் குடு. ஓட்டறது அப்பாலிக்கா தானா வரும்."

"அது அவளுக்குத் தெரியும் சார்."

அவர் அடுத்த வண்டியைத் தட்டப் போய்விட்டார். ஜெரூஷா என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே நடந்தாள். கதவுக்குப் பக்கத்தில் நின்று ஜெர்கினைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டாள். தோளில் இருந்த பட்டைகள் வெயிலில் தெரிந்தன. போலீஸ்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பார்.

கொடுக்கவில்லை.